கொள்ளைநோய்க் காலத்தில் மனக்கலக்கம்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவை அறியாத தமிழர் குமரி மாவட்டத்தில் அரியர். தோவாளையிலிருந்து பூக்கூடைகளும் நாஞ்சில் நாட்டிலிருந்து வாழைத்தார்களும் வந்து இறங்கும் இடம் அது. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் அத்தெருவில் அருகில் நிற்பவர் பேச்சே காதில் விழுவது கடினம். 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் இறுதியில் அத்தெரு ஓசையடங்கிக் கிடந்தது. அரிசியும் மருந்தும் விற்கும் கடைகள் சில திறந்திருந்தன. வாங்க வந்தவர்கள் எட்ட எட்ட நின்று, பேசாமல் வாங்கி, பேசாமல் திரும்பினர். பல்லாண்டு பழகிய கடைக்காரரும் வாடிக்கைக்காரரும் ஒருவரையொருவர் நேரே நோக்கவும் தயங்கினர். ஒருவர் இருமினால் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தனர்.

நோயின் இயல்பைப் பற்றியும் தடுப்பூசியைப் பற்றியும் மருத்துவ அறிஞர்கள் பலமுறை பேசியிருக்கின்றனர். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது அந்தத் தயக்கத்தையும், அதன் அடியில் இருந்த அச்சத்தையும் பற்றியே. கொள்ளைநோய்தான் ஓய்ந்துவிட்டதே, இனி இப்பேச்சு எதற்கு என்று நேயர்கள் கேட்கக்கூடும். கோவிட் நோயால் விளைந்த உலக அவசர நிலை முடிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் அறிவித்தது உண்மையே. ஆயினும் கேரளத்தில் 2018-ஆம் ஆண்டில் தோன்றிய நிபாக் காய்ச்சல் 2019, 2021, 2023, 2024 ஆகிய ஆண்டுகளிலும் தலைகாட்டியது. ஒவ்வொரு முறையும் நோயுற்றவர் சிலர், கலங்கியவர் பல்லாயிரவர். அடுத்த நோய் எப்பெயரோடு வரும் என்று சொல்ல இயலாது. அச்சம் மட்டும் பழைய பெயரோடுதான் வரும். அதை அமைதியான நாளில் அறிந்துவைத்தல் நலம்.

நடந்ததைச் சற்றே நினைவுகூர்வோம். இந்தியாவில் கோவிட் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது கேரளத்திலேதான். 2020 ஜனவரி 30-ஆம் நாள், சீன நாட்டு வூகான் நகரிலிருந்து திருச்சூருக்குத் திரும்பியிருந்த ஒரு மாணவியிடம் அது காணப்பட்டது. அதே நாளில் உலகச் சுகாதார நிறுவனமும் உலக அளவிலான அவசர நிலையை அறிவித்தது. மார்ச்சு 25-ஆம் நாள் தொடங்கி நாடெங்கும் 21 நாள் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. கேரளம் அதற்கு முந்திய நாளே கதவடைத்துவிட்டது. இருபத்தொரு நாள் என்று எண்ணி அரிசி வாங்கி வைத்த குடும்பங்கள் பல. அந்த எண்ணிக்கை நீண்டுகொண்டே சென்றபோது, அரிசி குறைந்ததைவிட மனத்தின் பொறுமை குறைந்ததே பெரிதாயிற்று.

அச்சம் என்பது இழிவான குணமன்று. காட்டில் புலியைக் கண்ட மனிதன் ஓடுவதற்கென்று உடலில் அமைந்த ஏற்பாடு அது. இதயம் விரைந்து அடிக்கும், மூச்சு மேலெழும், தசைகள் இறுகும், வயிறு தன் வேலையைச் சற்று நிறுத்தும். சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள சுரப்பிகள் இரத்தத்தில் அட்ரினலின் என்னும் நீரைக் கலந்துவிடுவதால் இவை நிகழ்கின்றன. புலி சென்றதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். கொள்ளைநோயோ கண்ணுக்குத் தெரியாத புலி. அது வந்ததும் தெரியாது, சென்றதும் தெரியாது. ஆகவே உடல் ஓட ஆயத்தமான நிலையிலேயே வாரக்கணக்கில் நின்றுவிடுகிறது. தூக்கமின்மை, தலைவலி, செரியாமை, சிறுசொல்லுக்கும் சினம், செய்த காரியத்தையே மீண்டும் மீண்டும் செய்தல் ஆகியன அதன் விளைவுகள். இதில் விந்தை என்னவெனில், மூச்சு முட்டுதல் இந்நோயின் அறிகுறியாகவும் இருந்தது, பதற்றத்தின் அறிகுறியாகவும் இருந்தது. நோய் வந்துவிட்டதோ என்று பதறி, பதறியதனால் மூச்சு முட்டி, மூச்சு முட்டியதனால் நோய் உறுதி என்று மேலும் பதறியவர்களை நாம் அறிவோம். கொள்ளைநோயின் முதல் ஆண்டில் பதற்ற நோயும் மனச்சோர்வு நோயும் உலகெங்கும் ஏறத்தாழ 25 விழுக்காடு மிகுந்தன என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்தது. இளைஞரும் பெண்டிருமே அதில் மிகுதியாகத் துன்புற்றவர்கள்.

இக்கலக்கத்திற்கு மருந்து யாது? நாம் கண்டவரையில் அது இரண்டு பொருள்களில் அடங்கியிருந்தது: அச்சத்திற்கு ஒரு வேளை, அச்சமுற்றவருக்கு ஒரு துணை. இந்நகரில் நடந்தவற்றைக் கொண்டே இதை விளக்குவோம்.

அக்காலத்தில் மாலை ஆறு மணிக்குக் கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் அவர்கள் செய்தியாளரைச் சந்திப்பது வழக்கமாயிற்று. இன்று எந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்கு நோய், எத்தனை பேர் குணமடைந்தனர், எத்தனை பேர் கண்காணிப்பில் உள்ளனர், எந்தக் கடை திறக்கும் என்று வரிசையாக வாசிப்பார். அரசியல் நோக்கில் அதைப் புகழ்ந்தவரும் உண்டு, குறைகூறியவரும் உண்டு. அவ்வழக்கிற்குள் நாம் புக வேண்டியதில்லை. மனநல நோக்கில் அதன் பயன் வேறு. நாள் முழுதும் திறந்து கிடந்த அச்சத்திற்கு அது ஒரு வாசலும் ஒரு நேரமும் வகுத்தது. "ஆறு மணிக்குத் தெரிந்துவிடும்" என்று சொல்லிப் பகலில் தோட்டத்தைக் கொத்தியவர்கள் பலர். எண்ணிக்கை கூடிய நாட்களிலும் அது அவர்களுக்கு ஒருவகை ஆறுதலையே தந்தது. ஏனெனில் தெரிந்த தீமை தெரியாத தீமையினும் சிறியது.

அதே வேளையில், கைப்பேசியில் நொடிதோறும் வந்து விழுந்த செய்திகள் நேர்மாறான வேலையைச் செய்தன. பூண்டு தின்றால் போதும் என்றது ஒன்று. பால் பையில் கிருமி என்றது மற்றொன்று. இவற்றை அனுப்பியவர் பெரும்பாலும் நம் நலம் நாடுபவரே. அன்பின் பெயரால் வரும் அச்சத்திற்குத் தாழிடுவது எளிதன்று.

எங்கள் அத்தை ஒருவர் நாகர்கோவிலில் தனியே வாழ்பவர், எழுபது கடந்தவர். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் 70 கிலோமீட்டருக்கும் குறைந்த தூரமே. 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது வரைபடத்தில் விழுந்த கோடு எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ஒருபோதும் கோடாகத் தோன்றியதில்லை. காலையில் புறப்பட்டுச் சென்று, நண்பகல் உணவு அங்கே உண்டு, இரவு இங்கே வந்து படுப்போம். களியக்காவிளைச் சோதனைச் சாவடி அடைபட்ட அன்றுதான் அது எல்லை என்பதை உணர்ந்தோம். அத்தையோ விடிந்தது முதல் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தார். இரவு பதினொரு மணிக்கும், ஒரு மணிக்கும், மூன்று மணிக்கும் தொலைபேசி ஒலித்தது. "மக்களே, அங்கே இன்னைக்கு எத்தனை பேருக்காம்?" என்பார். பதில் சொல்லி முடித்தால் மீண்டும் அதையே கேட்பார். நாங்கள் முதலில் அறிவுரை சொன்னோம், அது பயன்படவில்லை. பின்னர் சினந்தோம், அது தீங்காகவே முடிந்தது. இரண்டு நாள் அவர் அழைக்கவேயில்லை. அந்த இரண்டு நாளும் நாங்கள் உறங்கவில்லை.

பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மாலை ஆறு மணிச் செய்தியை நாங்கள் கேட்டு, ஏழு மணிக்கு அழைத்துச் சொல்வோம். அதுவரை அத்தை தொலைக்காட்சியில் பழைய திரைப்படங்களை மட்டும் பார்ப்பார். செய்தி சொல்வது ஐந்து நிமிடம்; அதன்பின் என்ன சமைத்தார், முருங்கை காய்த்ததா என்று கால் மணி நேரம். முதல் வாரத்தில் ஏற்பாடு இருமுறை முறிந்தது. மூன்றாம் வாரத்தில் நாங்கள் ஐந்து நிமிடம் தாமதித்தால் அவரே அழைத்துக் கடிந்துகொண்டார். இரவு அழைப்புகள் நின்றன. அத்தையின் அச்சம் போய்விட்டது என்று நாம் சொல்லவரவில்லை. அது ஏழு மணி வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டது.

இங்ஙனம் ஒரு வீட்டில் நாங்கள் தட்டுத் தடுமாறிக் கண்டதை, கேரள அரசின் சுகாதாரத் துறை பெரிய அளவில் முன்னரே தொடங்கியிருந்தது. 2020 பிப்ரவரியிலேயே, அதாவது நாட்டில் சில நோயாளிகளே இருந்தபோது, 'ஒற்றைக்கல்ல, ஒப்பமுண்டு' என்ற பெயரில் ஒரு திட்டம் எழுந்தது. நீங்கள் தனியாக இல்லை, உடன் இருக்கிறோம் என்பது அதன் பொருள். மாவட்ட மனநலத் திட்டத்தைச் சார்ந்த மருத்துவர், உளவியலர், சமூகப் பணியாளர் ஆகியோர், வீட்டில் தனித்திருக்குமாறு பணிக்கப்பட்டவர்களைத் தாமே தொலைபேசியில் அழைத்துப் பேசினர். 'தாமே அழைத்தனர்' என்பதைக் கவனிக்க வேண்டும். கலங்கியவன் உதவி கேட்பான் என்று காத்திருப்பது பயன்தராது. கேட்கும் ஆற்றலையே கலக்கம் பறித்துவிடுகிறது. அழைத்தவர்களிடம் மருந்தின் பெயரைக் கேட்டவர்களைவிட, "பக்கத்து வீட்டார் எங்கள் வாசலைப் பார்த்துக் கதவடைக்கிறார்கள்" என்று அழுதவர்களுக்கே மிகுந்த நேரம் வேண்டியிருந்திருக்கும் என்பதை ஊகித்தல் எளிது. விலகி நில்லுங்கள் என்பதை ஒதுக்கிவிடுங்கள் என்று மக்கள் பொருள்கொண்டுவிடக் கூடாதென்றே, 'உடலால் அகலம், சமூகத்தால் ஒருமை' என்னும் கருத்துள்ள வாசகத்தைக் கேரளத்தில் பரப்பினர்.

அந்த ஒருமை குலைந்த ஒரு நிகழ்ச்சியும் இந்நகரிலேயே நேர்ந்தது. அதை மறைத்துப் பேசுவது முறையாகாது.

பூந்துறை என்பது நகரின் தென்பகுதியில் கடலோரத்து மீனவர் ஊர். வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் இடம். ஒரு சிறு வீட்டில் இரண்டு மூன்று தலைமுறையினர் வாழ்வர். 2020 ஜூலையில் அங்கே நோய் விரைந்து பரவியது. ஜூலை 6 முதல் நகரம் முழுதும் மும்மடங்கு ஊரடங்கு என்று பெயரிட்ட கடுங்கட்டுப்பாடு வந்தது. பூந்துறையில் கமாண்டோப் படையினரும் நிறுத்தப்பட்டனர். கடலுக்குச் செல்லவும் இயலாது, கரையில் விற்கவும் இயலாது. ஜூலை 10-ஆம் நாள் மக்கள் தெருவில் திரண்டனர். உணவுப் பொருள் வாங்க வழியில்லை என்றும், தங்கள் ஊரையே நோயின் இருப்பிடமாக உலகிற்குக் காட்டுகிறார்கள் என்றும் குமுறினர். நோய் பார்க்க வந்த சுகாதாரப் பணியாளரின் வண்டியையும் சிலர் சூழ்ந்து தடுத்தனர்.

செய்தியைக் கேட்ட நகரத்தார் பலர், "அறியாமை" என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்தனர். நாமும் அன்று அப்படியே எண்ணினோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆற அமர எண்ணிப் பார்த்தால் வேறு தோன்றுகிறது. நமக்கு மாதச் சம்பளமும், பூட்டிக்கொள்ள ஓர் அறையும், சாளரத்திற்கு வெளியே ஒரு மாமரமும் இருந்தன. அவர்களுக்கு அன்றன்றைய வலையே அன்றன்றைய உணவு. அச்சம் பசியோடு சேர்ந்தால் சினமாகும். சினத்தோடு பழிச்சொல்லும் சேர்ந்தால் எதிரே வந்தவர் மீது பாயும். அன்று எதிரே வந்தவர்கள், தாங்களும் அஞ்சி நடுங்கியபடியே கடமை செய்த சுகாதாரப் பணியாளர்கள்.

அடுத்து நடந்ததே நாம் சொல்ல விரும்புவது. இரண்டொரு நாட்களுக்குள், அதே பூந்துறையில், அதே பணியாளர்களை மக்கள் மலர் தூவி, கைதட்டி வரவேற்றனர். கிருமி அதற்குள் மாறிவிடவில்லை, கட்டுப்பாடும் நீங்கிவிடவில்லை. அதன் பின்னர், ஜூலை 17-ஆம் நாள்தான் பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் நிகழ்ந்துவிட்டது என்று முதலமைச்சரே அறிவித்தார். நிலைமை மோசமாகிக்கொண்டிருந்த வேளையிலேயே மக்களின் மனம் தணிந்தது. அவர்கள் தூவிய மலரில் நன்றி மட்டுமா இருந்தது? எங்களையும் மனிதராகப் பாருங்கள் என்ற வேண்டுகோளும் அதில் இருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

மதுவைப் பற்றி ஒரு சொல். ஊரடங்கில் மதுக்கடைகள் திடீரென மூடப்பட்டபோது, நெடுநாள் பழகியவர்கள் கைநடுக்கமும், தூக்கமின்மையும், மனப்பிறழ்ச்சியும் உற்றனர். சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டனர். மருத்துவர் சீட்டின்பேரில் மது வழங்கலாம் என்று அரசு ஆணையிட்டது. மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. 2020 ஏப்ரல் 2-ஆம் நாள் உயர்நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. நீண்ட பழக்கத்தைச் சட்டென்று நிறுத்துவது உடலுக்கே ஆபத்து என்பதும், அந்நிலையில் வேண்டுவது ஏச்சன்று, மருத்துவமனைச் சிகிச்சை என்பதும் குடும்பத்தார் அறிய வேண்டியவை.

இனி 2021-ஆம் ஆண்டின் இரண்டாம் அலைக்கு வருவோம். ஏப்ரல், மே மாதங்களில் வீட்டுக்கு வீடு நோய் புகுந்தது. விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் சிறு கருவி அப்போது பல வீடுகளில் புகுந்தது. அளவு 94-க்குக் கீழே இறங்கினால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பதும், நாளில் சில முறை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும் என்பதும் மருத்துவர் சொன்ன முறை. அது பயனுள்ள கருவி, உயிரையும் காத்தது. ஆனால் சிலர் அதை விரலிலிருந்து கழற்றவேயில்லை. 97 என்று காட்டினால் ஒரு நிமிடம் நிம்மதி. 96 என்றால் குடும்பமே எழுந்து நிற்கும். கை குளிர்ந்திருந்தாலும் அக்கருவி குறைத்துக் காட்டும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. எச்சரிக்கைக்கும் கவலைக்கும் உள்ள வேறுபாட்டை அறிய இதைவிட நல்ல உரைகல் கிடையாது. எச்சரிக்கை குறித்த நேரத்தில் பார்க்கும், எழுதி வைக்கும், எழுந்து வேறு வேலைக்குச் செல்லும். கவலை பார்த்துக்கொண்டே இருக்கும்.

அப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவர்கள் கற்பித்த எளிய பயிற்சி ஒன்று உண்டு. நிமிர்ந்து அமர்ந்து, மூக்கின் வழியே நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளியே விடுவது. உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது நீளமாக இருக்க வேண்டும். அங்ஙனம் விடும்போது இதயத் துடிப்பு மெல்லக் குறைகிறது. புலி சென்றுவிட்டது என்று உடலுக்கு நாமே செய்தி அனுப்புகிறோம். ஐந்து நிமிடம் போதும். இது நுரையீரல் நோய்க்கு மருந்தன்று, பதற்றத்திற்கு மட்டுமே. அளவு உண்மையாகவே குறைந்தவர் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது.

வழக்கமான வாழ்வின் சிறு சிறு ஒழுங்குகளைக் கைவிடாதிருத்தலும் மனத்தைக் காக்கும். ஆற்றுக்கால் பகவதிக்குப் பொங்கலிடும் நாளில் இந்நகரத் தெருக்கள் முழுவதும் அடுப்பாகிவிடுவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். இலட்சக்கணக்கான பெண்கள் செங்கல் கூட்டிப் பானை வைப்பர். 2020 மார்ச்சு 9-ஆம் நாள், ஊரடங்கிற்கு இரண்டு வாரம் முன்பு, அது வழக்கம்போல் நடந்தது. 2021-இலும் 2022-இலும் தெருவில் அடுப்பு மூட்ட அனுமதியில்லை. பெண்கள் அவரவர் வீட்டு முற்றத்திலேயே மூன்று கல் வைத்து, கோயிலில் தீ மூட்டும் வேளை பார்த்து, அதே நேரத்தில் தம் அடுப்பை மூட்டினர். அடுக்கு மாடியில் குடியிருந்தவர்கள் உப்பரிகையில் சிறு அடுப்பு வைத்தனர். கூட்டத்தை விட்டுக்கொடுத்தார்கள், நாளையும் நேரத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. 2023 மார்ச்சில் தெருக்களுக்கு அடுப்புகள் மீண்டன.

குழந்தைகளுக்கும் இதுவே தேவைப்பட்டது. 2020 ஜூன் முதல் நாள் விக்டேர்ஸ் தொலைக்காட்சியில் 'முதல் மணி' என்னும் பொருள்படும் பெயரில் வகுப்புகள் தொடங்கின. பாடம் எவ்வளவு ஏறியதோ அறியோம். காலையில் குளித்து, தலைசீவி, ஒரு நேரத்திற்கு அமர வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்குக் கிடைத்தது. தொலைக்காட்சி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பட்ட வேதனையும் கொஞ்சமன்று. அவர்களுக்காக நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பின்னர் இடம் செய்யப்பட்டது. கேரளக் காவல்துறையின் மாணவர் படைத் திட்டம் குழந்தைகளுக்கென ஒரு தொலைபேசிச் சேவையையும் அவ்வாண்டு ஜூலையில் தொடங்கியது. அதற்கு இட்ட பெயர் 'சிரி'. தமிழுக்கும் மலையாளத்திற்கும் மொழிபெயர்ப்பு வேண்டாத சொல்.

பெரும்பாலோருக்கு ஒழுங்கும் துணையுமே போதும். சிலருக்குப் போதா. இரண்டு வாரத்திற்கு மேல் உறக்கமும் உணவும் கெட்டவர், எதிலும் நாட்டமின்றி முடங்கியவர், கைகழுவிக்கொண்டே இருப்பவர், வாழ்ந்தென்ன பயன் என்று பேசத் தொடங்கியவர் ஆகியோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இங்கே ஒரு தடை உண்டு. திருவனந்தபுரத்து ஊளம்பாறையில் 1870-இல் தோன்றிய மனநல மருத்துவமனை இருக்கிறது. எத்தனையோ குடும்பங்களுக்கு வாழ்வளித்த இடம். ஆனால் இந்நகரில் ஊளம்பாறை என்ற ஊர்ப் பெயரே வசைச் சொல்லாகப் புழங்குவதை நாம் கேட்டிருக்கிறோம். ஏன், விளையாட்டாக நாமே சொல்லியிருப்போம். அந்தச் சொல்லுக்கு அஞ்சி எத்தனை பேர் சிகிச்சை பெறாமல் இருந்தனரோ!

நேரில் செல்லத் தயங்குவோர் முதலில் தொலைபேசியிலேனும் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் தேசிய மனநலச் சேவையின் எண் 14416. கேரளத்தில் சுகாதாரத் துறையின் 'திசா' சேவைக்கு எண் 1056. முன்னதில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். வீட்டு முதியவருக்கு எண்ணை அழுத்தக் கை நடுங்கினால், பக்கத்தில் இருப்பவர் அழுத்திக் கொடுத்துவிட்டுச் சற்று எட்ட நின்றுகொள்வது நல்லது.